அம்மா பார்த்த பச்சை

அருவியில் பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது யார் என்ன பேசினாலும் கேட்காது. காதுக்குள் வாயை வைத்துக் கத்தவேண்டும். அம்மா அப்படித்தான் கத்தினாள். "என்னது?" என்றேன். மறுபடியும் கத்தினாள். இரண்டாவது தடவை தெளிவாகக் கேட்டுவிட்டது. தலையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்ததால் நான் அழுதது பக்கத்தில் நின்ற ஆச்சிகளுக்குத் தெரிந்திருக்காது.

என்ன சொன்னாள் என்பதற்கு முன்னால் ஏன் அருவிக்குப் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கண் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை வியாதி கண்ணுக்குள் இறங்கி, உள்ளே ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. திருநெல்வேலி கண் டாக்டர் லேசர் சிகிச்சையைச் சீக்கிரம் செய்யவேண்டும், தள்ளிப்போட்டால் இரண்டு கண்ணும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். லேசர் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, செருப்பைக்கூடத் தேடாமல் வெளியே நடந்துவிட்டாளாம்.

அவள் மகளுக்கு, அதாவது எனக்கு, இத்தனை வருஷமாக லேசரோடுதான் பிழைப்பு.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் பார்க்கிறவர்களுக்காக என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். நான் அணுக்களை வெளிச்சத்தால் குளிர வைக்கிறவள். ரூபிடியம் என்ற உலோகத்தின் ஆவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து, ஆறு பக்கமிருந்தும் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், தறிகெட்டு ஓடிக்கொண்டிருக்கும் அணுக்கள் வேகம் குறைந்து நடுவில் நின்றுவிடும்.

வெளிச்சம் சுடத்தானே செய்யும், எப்படிக் குளிர வைக்கும் என்று கேட்பார்கள். குற்றாலத்துக்கு வந்து அருவிக்குள் நடந்து பாருங்கள். நீங்கள் முன்னால் போகப் போக அது பின்னால் தள்ளும். ஆறு பக்கமும் அருவி இருந்தால் எங்கே போவீர்கள்? பேசாமல் நடுவில் நிற்கவேண்டியதுதான். அணுவுக்கும் அதுதான் கதி. ஓட்டம் அடங்கினால் அதற்குப் பெயர் குளிர்ச்சி. அவ்வளவுதான் என் படிப்பு.

போர்டில் நின்ற அண்ணாச்சி

எங்கள் வீடு மேலகரத்தில். குற்றாலத்தில் சீசன் மாதங்களில் பழக்கடை, மற்ற மாதங்களில் தென்காசியில் தேங்காய் வியாபாரம். அப்பா போனபிறகு அண்ணன் முருகேசன்தான் பார்த்துக்கொள்கிறான். ஆனாலும் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் பழத்தட்டுக்கு முன்னால் அம்மா உட்கார்ந்தாகவேண்டும். வேறு யார் உட்கார்ந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

அந்த வருஷம் பக்கத்து எண்ணெய்க் கடைக்காரர் ஓர் ஆளுயரப் பிளெக்ஸ் போர்டு வைத்தார். அதில் ஒருவர் எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அம்மா அவரைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, நின்னுகிட்டே இருக்கிய, ரம்புட்டான் போடட்டா?" என்று கேட்டிருக்கிறாள். கடையே சிரித்திருக்கிறது. அம்மாவும் சிரித்தாளாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அவரிடமே, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றாளாம். அப்போது அண்ணன் சிரிக்கவில்லை.

அதுவரை எங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா மங்குஸ்தானை எப்போதுமே பெருவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் எடுப்பாள். அமுங்கினால் நல்ல பழம், கல் மாதிரி இருந்தால் கெட்டது. கண் மங்க மங்க விரல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. வியாபாரம் வழக்கம்போல நடந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வெளிநடப்பு செய்த அன்றைக்கு அண்ணன் போன் செய்தான்.

"ஏட்டி செம்பகம், நீ கெளம்பி வா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கா. ஒத்தக் கால்ல நிக்கா. ஓம் மக அந்த லேசருலதானே சோறு திங்கான்னு கேட்டேன். அதனாலதான் வேண்டாங்கா."

"அதனாலதான்னா என்ன அர்த்தம்?"

"எனக்கு என்ன தெரியும். ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருக்கோ, நீங்களே பேசித் தீத்துக்கிடுங்க."

சுவரில் ஒட்டியிருந்த தமாஷ்

எங்களுக்கு நடுவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பாதி தெரியும் என்று சொல்லவேண்டும்.

நான் பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிது. லேசர் இருக்கும் அறைக்குள் விடுவதற்கு முன் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்கள். இந்த ஒளியை நேரே பார்க்கக்கூடாது, கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தாலும் பார்க்கக்கூடாது, போன கண் போனதுதான், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உள்ளே வரக்கூடாது என்றார்கள். அதையெல்லாம் கேட்டுவிட்டு வெளியே வந்தால் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'மிச்சமிருக்கும் கண்ணால் லேசரைப் பார்க்காதீர்கள்.' லேசர் ஆட்களிடையே காலங்காலமாகச் சுற்றிவரும் தமாஷ் அது. எந்த நாட்டு ஆய்வகத்துக்குப் போனாலும் ஏதாவது ஒரு கதவில் இருக்கும்.

அன்றைக்கு அம்மாவிடம் போனில் பேசும்போது இதைச் சொல்லிச் சிரித்தேன்.

"அப்போ அங்கன உள்ளவங்களுக்கெல்லாம் ஒரு கண்ணு போயிட்டாட்டீ?"

இல்லை, அது தமாஷ் என்றேன். எப்படித் தமாஷ் என்று விளக்கினேன். தமாஷை விளக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். நான் பேசப் பேச அவளுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. யாருக்கும் ஒன்றும் ஆகாமலா எழுதி ஒட்டுவார்கள் என்று கேட்டாள். இன்றுவரை அவள் மனசில் நான் ஒற்றைக் கண்ணர்கள் நடுவில் வேலை பார்க்கிறவள்தான்.

அன்றிலிருந்து போனை எடுத்தால் முதல் கேள்வி, "கண்ணாடி போட்டியா?" சாப்பிட்டியா என்பது அதற்குப் பிறகுதான்.

எங்கள் லேசர் முதன்முதலாக அணுக்களைப் பிடித்து நிறுத்தியது ஒரு மத்தியானம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் பசியை மறந்து ஒளியைத் திருப்பிவிடும் ஏதோ ஒரு கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தேன். கேமரா திரையில் திடீரென்று ஒரு வெள்ளைப் பொட்டு வந்து நின்றது. வருஷக்கணக்கில் காத்திருந்தது அந்தப் பொட்டுக்காகத்தான். பேராசிரியரைக் கூப்பிடாமல் அம்மாவைத்தான் கூப்பிட்டேன்.

"எம்மா, நின்னுட்டும்மா."

"எது?"

"அணு."

"நல்லது. கண்ணாடி போட்டிருந்தியா?"

வானவில் இல்லை, ரம்புட்டான்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள். "குற்றாலத்துக்காரங்க நீங்க. அருவியில வானவில் பார்த்துத்தானே ஒளியில ஆர்வம் வந்துச்சு?" ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை முடிந்தது. ஆனால் உண்மை அது இல்லை.

சின்ன வயதில் எங்கள் கடைக்கு எதிரே மஞ்சள் சோடியம் விளக்கு ஒன்று போட்டார்கள். அது எரிய ஆரம்பித்தால் சிவப்பு ரம்புட்டான் அத்தனையும் அழுகின பழம் மாதிரித் தெரியும். அம்மா அந்த விளக்கைத் திட்டாத நாள் கிடையாது. "எவன்லே இதைக் கொண்டாந்து நட்டான்? பழத்தைப் பொணமாக்குதான்" என்பாள். பிறகு தட்டுக்கு நேர் மேலே ஒரு குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிட்டாள். பழங்கள் மறுபடியும் சிவந்தன.

அதே பழம். விளக்கு மாறினால் நிறம் எங்கே போகிறது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. திருநெல்வேலியில் கல்லூரியில் படித்தபோது இருட்டறையில் ஒரு சோடியம் விளக்கை ஏற்றி, வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் பார்க்கச் சொன்னார்கள். ஒட்டி ஒட்டி இரண்டு மஞ்சள் கோடுகள், அக்கா தங்கை மாதிரி. சோடியம் அணு அந்த மஞ்சளைத்தான் அள்ளி அள்ளிக் கொடுக்கும். சிவப்பே இல்லாத வெளிச்சத்தில் ரம்புட்டான் சிவப்பைக் காட்ட எங்கே போகும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா திட்டிக்கொண்டிருந்தது இந்த அணுவைத்தான்.

அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் பெங்களூர் போனேன், ஜெர்மனி போனேன், திரும்பி வந்து பெங்களூரிலேயே சொந்தமாக ஓர் ஆய்வகம் கட்டினேன்.

அந்த ஆய்வகத்தை ஒரு தடவை அம்மா வந்து பார்த்தாள். வந்த நேரம் உள்ளே லேசர் ஓடிக்கொண்டிருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் நுழையக்கூடாது. மங்குஸ்தான் பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் வெளியே வந்து கூப்பிடும்வரை அந்தச் சிவப்பு விளக்கை விட்டு அவள் கண் நகரவே இல்லை என்று என் மாணவி சொன்னாள். உள்ளே வந்ததும் என் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் திரையில் பதிந்திருந்த வெள்ளைப் பொட்டைப் பார்த்தாள்.

"இதுக்கா இம்புட்டுப் படிப்பு?" என்றாள். பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்து, "அழகாத்தான் இருக்கு, பொட்டு மாதிரி" என்று சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக் கண்

அண்ணன் கூப்பிட்டதும் கிளம்பி வந்தேன். வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்து ஓய்ந்திருந்தார்கள். அண்ணன் பெண்டாட்டி, என் மைனி, என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்து, "அத்தைக்கு வைத்தியம் பயமில்ல செம்பகம். வேற என்னமோ இருக்கு. நேந்துக்கிட்டது, நேந்துக்கிட்டதுன்னு மொனங்குதாவ" என்றாள்.

நேர்த்திக்கடன் எனக்குத் தெரிந்த சமாசாரம்தான். எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு வேண்டிக்கொண்டால் மாரியம்மனுக்குக் கண்மலர் வாங்கிச் சாத்துவார்கள். வெள்ளித் தகட்டில் அடித்த இரண்டு குட்டிக் கண்கள். நான் லேசர் அறைக்குள் போன வருஷத்திலிருந்து அம்மா வருஷம் தவறாமல் என் பேரில் கண்மலர் சாத்திக்கொண்டிருந்தாள். நான் அறிவியல் படித்தவள்தான், ஆனாலும் அவளைத் தடுக்கவில்லை. யாரோ ஒருத்தி என் கண்ணை நினைத்துக்கொண்டே இருக்கிறாள் என்பது பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நான் பேச்சை எடுத்ததும் அம்மா, "சாரல் நல்லா அடிக்கு. வா, அருவிக்குப் போயிட்டு வருவோம். பொறவு பேசு" என்றாள். போனோம்.

படியில் இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு படியையும் காலால் தடவி, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு இறங்கினாள். பிறந்தது வடகரை, வாழ்க்கைப்பட்டது மேலகரம். சின்ன வயதிலிருந்தே இந்த அருவிக்கு ஓடி வந்தவள்.

கம்பியைப் பிடித்து நின்றதும் என் தலையை இழுத்து, காதுக்குள் கத்தினாள்.

"இது உனக்கு வர வேண்டியதுட்டீ. நான் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

டீக்கடையில்

ஈரத்துணியைப் பிழிந்து கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே அருவிச் சத்தம் குறைவு. நேர்த்தியின் மறுபாதி அப்போதுதான் வெளியே வந்தது. முதல் வருஷம் கண்மலர் சாத்தும்போதே, 'என் மக கண்ணுக்கு ஒண்ணும் ஆகப்பிடாது, ஆகணும்னு இருந்தா எனக்கு ஆகட்டும்' என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இப்போது கணக்குத் தீர்ந்துவிட்டதாம். இதைப் போய் வைத்தியம் பார்த்துச் சரிபண்ணினால், அம்மன் திருப்பி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாளாம்.

"எம்மா, இது சுகராலே வந்தது."

"சுகரு ஊருல பாதிப் பேருக்கு இருக்கு. எல்லாருக்குமா கண்ணு போச்சு?"

"நான் ஒரு நாள்கூட கண்ணாடி போடாம நின்னதில்ல. எனக்கு ஒண்ணும் வராது."

"அதுக்குத்தானே நேந்தது."

"அம்மா..."

"எந்த வெளிச்சத்துக்குப் பயந்து நேந்தேனோ, அதையே கண்ணுல வாங்கச் சொல்லுதா அந்த டாக்டரம்மா. அம்மன் பாத்துக்கிட்டுத்தானே இருக்கா? என்ன நெனைப்பா?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்குச் சீக்கிரம் வரும், அம்மா கொடுத்த சொத்து அது ஒன்றுதான். குரலை உயர்த்தினேன். உனக்குக் கண் தெரியாமல் போனால் எனக்குச் சந்தோஷமா, நான் நிம்மதியாகத் தூங்குவேனா, உன்னை யார் இப்படி வேண்டச் சொன்னது என்றெல்லாம் கத்தினேன். பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை நிறுத்திப் பார்த்தார். அம்மா டீ டம்ளரைக் கையால் தடவி எடுத்தாள். கொஞ்சம் சிந்தியது. அவளுக்கு அது தெரியவில்லை.

அந்தச் சிந்திய டீயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வாயிலிருந்து தானாக வந்தது அடுத்த பேச்சு. யோசித்துச் சொன்னதில்லை.

"சரி. அப்போ இது யாரு நோவு?"

"என்னது?"

"எனக்கு வர வேண்டிய நோவு உனக்கு வந்திருக்குங்கே. அப்போ இது என் நோவு. உன்கிட்ட இருக்கு, அவ்வளவுதான். என் நோவுக்கு என்ன வைத்தியம் பாக்கணும்னு நான்தானே சொல்லணும்? வேண்டாம்னு சொல்ல நீ யாரு?"

அம்மா டம்ளரைக் கைக்குள் உருட்டினாள்.

"வாங்கி வச்சிருக்கவ அதைப் பத்திரமா பாத்துக்கிடணும்லா. இப்படியா கெட விடுவா? அம்மன் அதையும்தான் பாத்துக்கிட்டு இருப்பா."

வெகு நேரம் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தாள். சாரல் கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவள் வாய் ஓரமாகக் கோணியது. சிரிப்பு வருவதற்கு முன் அப்படித்தான் கோணும்.

"ஒன்னைய வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்ட்டீ," என்றாள். "வாரேன். ஆனா ஒண்ணு. லேசர் போடும்போது நீ உள்ள வரப்பிடாது."

சிவப்பு விளக்கு

திருநெல்வேலி டாக்டர் வயதில் சின்னவர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அண்ணன் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தான். "மேடம், நீங்க உள்ளயே இருக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி தர்றோம். உங்களுக்குத் தெரியாததா," என்றார்.

"அவ வெளிய இருக்கட்டும் டாக்டரம்மா," என்றாள் அம்மா. "கதவை நல்லா சாத்துங்க."

சாத்தினார்கள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே ஸ்டீல் நாற்காலி. அம்மாவின் பை என் மடியில்.

உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்ணை மரக்கச் செய்ய ஒரு சொட்டு மருந்து விடுவார்கள். மேலே ஒரு சிறிய வில்லையை வைப்பார்கள். பச்சை லேசரைச் சொடுக்குச் சொடுக்காக உள்ளே அடிப்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் பெரிய லேசரை ஓட்டுவதற்கு முதலில் ஒரு பச்சை லேசர் வேண்டும். அதே பச்சைதான் இதுவும். அந்த ஒளியின் அலைநீளம் எனக்குப் பாடம். எந்த அணுவிலிருந்து, எப்படிப் பிறக்கிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அந்த விளக்கு எப்போது அணையும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அன்றைக்குப் பெங்களூரில் எப்படி உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், இன்னும் சில தடவை வரவேண்டியிருக்கும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அப்படியே ஆயிற்று. அம்மா இந்த சீசனிலும் பழத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். போர்டு அண்ணாச்சியிடம் பேச்சுவார்த்தை இல்லை.

அன்றைக்கு ஒருவழியாக விளக்கு அணைந்தது. நர்ஸ் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்காரவைத்தேன். என் பக்கம் திரும்பி உற்றுப் பார்த்தாள்.

"ஒன் மூஞ்சி ரோஸ் கலரா இருக்குட்டீ. சொவரும் ரோஸா இருக்கு."

ரொம்ப நேரம் பச்சையைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"வலிச்சுதாம்மா?"

"வலிச்சுது. அது கெடக்கு." முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்ன பச்சைங்கே. வடகரையில காலையில நாத்தங்கால் பாத்திருக்கியா, வெயில் பட்டா ஒரு பச்சை அடிக்கும்லா? அதை அள்ளிக் கண்ணுக்குள்ள எறிஞ்ச மாதிரி இருந்துச்சு. அழகாத்தான் இருக்கு. நீ தெனமும் இதைத்தான் பாக்கியா?"

"இல்லம்மா. நான் நேரா பாத்ததில்ல. பாக்கக்கூடாதுல்லா."

"ஒரு நாளும்?"

"ஒரு நாளும் இல்ல."

அம்மா என் முகத்தைத் தடவிக் கண் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டு இமையையும் இறக்கிவிட்டு, மங்குஸ்தான் பார்க்கிற பெருவிரலால் மெல்ல அமுக்கினாள்.

"பாக்காதே," என்றாள். "ஒனக்கும் சேத்து நான் பாத்துட்டேன்லா."